கேம்ஷாஃப்ட் கோணாமல் இண்டக்‌ஷன் ஹார்டனிங் செய்வது எப்படி

கேம்ஷாஃப்டின் லோபை (வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் பகுதி) சுற்றி ஒரு காயிலைப் போட்டு, மின்சாரத்தால் இரண்டு மூன்று விநாடி சூடேற்றி, பாலிமர் கலந்த தண்ணீரை அடித்தால் (இதுதான் குவெஞ்ச்) மேற்பரப்பு கடினமாகிவிடும், அதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்காது. தலைவலி எல்லாம் அதற்குப் பிறகுதான். தண்டை இரண்டு சென்டருக்கு (முனைத் துளைகளில் ஊன்றும் கூம்புகள்) நடுவே பிடித்து நடு ஜர்னலில் (தண்டு தாங்கியில் உட்காரும் வட்டப் பகுதி) டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால், உள்ளே போகும்போது 0.03 மி.மீ. ஆடிய முள் வெளியே வந்ததும் 0.25 ஆடும். உடனே பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தி, கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த தண்டும் அதே மாதிரிதான் வருகிறது. நிமிர்த்துவதையே தினசரி வேலையாக வைத்திருக்கும் இடங்களில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்டு எந்தப் பக்கம் வளைகிறது? எவ்வளவு என்று கேட்டால் நோட்டில் இருக்கும். எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் எந்த நோட்டிலும் இருக்காது. ஆனால் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கோணம்தான்.

முதலில் கோணத்தைக் குறியுங்கள்

முதல் லோபின் மூக்கை (அதன் உயரமான முனை) 0 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டை மெதுவாகச் சுற்றி, டயல் கேஜ் முள் எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்து, அளவையும் கோணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஹார்டனிங்குக்கு முன்பு ஒரு முறை, குவெஞ்ச் முடிந்து தண்டு முழுக்க ஆறிய பிறகு ஒரு முறை, டெம்பரிங்குக்குப் (கடினமான தண்டை மிதமான சூட்டில் வைத்தல்) பிறகு ஒரு முறை. பத்து தண்டுக்கு இதைச் செய்தால் போதும். கேஜ் காட்டும் மொத்த ஆட்டம் உண்மையான வளைவைப் போல இரண்டு மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம், 0.10 ஆடினால் தண்டு 0.05 மி.மீ.தான் விலகியிருக்கிறது.

இனி அந்தப் பத்துக் கோணங்களைப் படியுங்கள். எல்லாத் தண்டும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் வளைந்திருந்தால், லோப்கள் அமைந்திருக்கும் விதத்தோடு உங்கள் சூடோ குவெஞ்சோ ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். கோணம் தண்டுக்குத் தண்டு மாறினால், தண்டுக்குள் ஏற்கெனவே இருந்த அழுத்தம்தான் வெளியே வருகிறது, அதற்குக் காயிலை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. உள்ளே வரும்போது எந்தப் பக்கம் சற்று வளைந்திருந்ததோ அதையே பின்பற்றி வளைவு கூடியிருந்தால் பிரச்சினை காயிலுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது, இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். கோணம் லோபோடு சேராமல், ஸ்பிண்டில் எந்த நிலையில் நிற்கும்போது சூடு தொடங்கியது என்பதோடு சேர்ந்துபோனால் (இதற்குத் தண்டைப் பிடித்துச் சுற்றவைக்கும் டிரைவர் இருந்த இடத்தையும் தண்டில் குறித்திருக்க வேண்டும்) சுழற்சி போதவில்லை.

ஏன் வளைகிறது

சூடேறும்போது மேல் அடுக்கு விரியப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் குளிர்ந்த கரு விடுவதில்லை. 800 டிகிரிக்கு மேல் ஸ்டீல் மிகவும் மென்மையாக இருப்பதால் விரிய முடியாத அந்த அடுக்கு அங்கேயே நசுங்கிக்கொள்கிறது. குவெஞ்சில் அது சுருங்குகிறது, அப்புறம் மார்ட்டென்சைட்டாக (குவெஞ்சில் உருவாகும் கடினமான கட்டமைப்பு) மாறும்போது மறுபடி உப்புகிறது, ஏனென்றால் மார்ட்டென்சைட்டுக்குப் பழைய கட்டமைப்பைவிடக் கொஞ்சம் அதிக இடம் வேண்டும். இது சுற்றிலும் ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் நடந்தால் தண்டின் நீளமும் விட்டமும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் நடந்தால் வளையும். கேம்ஷாஃப்டில் இது தானாகவே நடக்கக் காத்திருக்கிறது, காரணம் லோப் வட்டமே இல்லை. மூக்கு காயிலுக்கு அருகில் இருக்கிறது, அதன் பின்னால் வெப்பத்தை இழுத்துக்கொள்ள உலோகமும் குறைவு. நிறைய சிலிண்டர்கள் உள்ள எஞ்சினில் மூக்குகள் பல பக்கம் பார்ப்பதால் ஓரளவு ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். ஒன்று இரண்டு சிலிண்டர் தண்டுகளில் அந்தச் சலுகை கிடையாது.

ஆக, செய்ய வேண்டியவை மூன்றுதான்: தேவைக்கு மேல் ஒரு துளி வெப்பமும் கொடுக்காதீர்கள், கொடுப்பதைச் சுற்றிலும் சமமாகக் கொடுங்கள், தண்டு நீள்வதைத் தடுக்காதீர்கள்.

காயிலுக்கு வருவதற்கு முன்பே

ஃபோர்ஜிங், பார் நிமிர்த்தல், கனமான டர்னிங் எல்லாமே தண்டுக்குள் அழுத்தத்தை விட்டுச் செல்கின்றன. குளிர்ந்த நிலையில் நிமிர்த்தப்பட்ட தண்டு பார்வைக்கு நேராக இருக்கும், லோப்கள் சிவந்ததும் பழைய கோணலுக்கே திரும்பும். எனவே ரஃப் மெஷினிங் முடிந்ததும் 550 முதல் 600 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து, அடுப்பிலேயே மெதுவாக ஆறவிடுங்கள். ஏற்கெனவே குவெஞ்ச் செய்து டெம்பர் ஆன ஸ்டீல் என்றால் அந்த டெம்பர் வெப்பநிலைக்கு 30 டிகிரியாவது கீழே நில்லுங்கள், இல்லையென்றால் கருவின் வலிமை போய்விடும். அடுப்பில் தண்டைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது நல்லது. இரு முனையில் மட்டும் தாங்கிப் படுக்க வைத்தால் அங்கேயே தொய்ந்துவிடும், பிறகு பழி ஹார்டனிங் மெஷின் மேல் விழும்.

உலோகத்தின் முன்கட்டமைப்பு பலரும் கவனிக்காத விஷயம். 0.5 சதவீத அளவு கார்பன் உள்ள ஸ்டீலில், டெம்பர் செய்த நுண்ணிய கட்டமைப்பு இருந்தால் கார்பைடுகள் சட்டென்று கரையும், 850 டிகிரியை ஒட்டியே வேலை முடியும். பெரிய பெரிய ஃபெர்ரைட் (கார்பன் கிட்டத்தட்ட இல்லாத மென்மையான இரும்பு) திட்டுகளோ உருண்டைக் கார்பைடுகளோ உள்ள அனீல் செய்த கட்டமைப்பு என்றால் இரண்டு மூன்று விநாடியில் கார்பன் பரவாது, அதனால் 900-க்கும் மேல் போக வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் சூடு முழுக்க வளைவாகவும் விரிசல் அபாயமாகவும்தான் திரும்பி வரும். பொருளை வாங்கும்போதே எந்த நிலையில் வேண்டும் என்று சொல்லிவிடுவது மலிவான தீர்வு.

சென்டர் துளைகளைத் துடைத்துப் பாருங்கள். ஒரு சீவல் ஒட்டியிருந்தால் போதும், நீங்கள் எடுக்கும் எல்லா அளவும் பொய்யாகிவிடும். எண்ணெய்த் துளை, கீவே விளிம்புகளை மழுக்கிவிடுங்கள். துளைகளில் செப்பு அல்லது ஸ்டீல் முளையை இறுக்கமாக அடித்து வைப்பதும் உண்டு, விளிம்பு கருகுவது அதனால் குறையும்.

எவ்வளவு ஆழம், எந்த அதிர்வெண்

வரைபடத்தில் கேட்டதைவிட ஆழமாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து 4 மி.மீ. வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முடிவில் 2.0 மி.மீ. வேண்டும், கிரைண்டிங்குக்கு ஒரு பக்கம் 0.3, வளைவுக்கு 0.1 என்றால் 2.4 ஆகிறது, 2.5 வைத்தால் போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டரும் சும்மா சூடான உலோகம். ஆழத்தை எப்படி அளப்பது என்பதிலும் ஒத்த கருத்து வேண்டும். ஐஎஸ்ஓ 18203 தரப்படி, குறைந்தபட்ச மேற்பரப்புக் கடினத்தில் 80 சதவீதத்துக்கு எந்த ஆழத்தில் இறங்குகிறதோ அதுவரைதான் கணக்கு. விக்கர்ஸ் கடின அளவில் குறைந்தபட்சம் 600 கேட்டிருந்தால், 480 வரும் இடம் வரை. ஆசிட் தடவிக் கண்ணால் பார்க்கும் கோடு இதிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கலாம், ஆகவே ஒரு முறையாவது இரண்டையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்வெண்ணுக்கு எளிய கணக்கு உண்டு. சுமார் 770 டிகிரியில் ஸ்டீல் காந்தத் தன்மையை இழந்த பிறகு மின்னோட்டம் இறங்கும் ஆழம், 500-ஐ ஹெர்ட்ஸில் சொல்லும் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் மில்லிமீட்டர். 3 கிலோஹெர்ட்ஸில் சுமார் 9, 10-இல் 5, 30-இல் 3-க்குச் சற்றுக் கீழே. இந்த ஆழம் உங்களுக்கு வேண்டிய கேஸ் டெப்த்தை (கடினமான அடுக்கின் ஆழம்) போல ஒன்றேகால் முதல் இரண்டரை மடங்குக்குள் இருந்தால், வெப்பம் கடத்தலால் ஊறி இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. 2.5 மி.மீ.க்கு ஏறக்குறைய 6 முதல் 26 கிலோஹெர்ட்ஸ் வரை வரும், 10 வாகான எண். இதைவிட மிக அதிக அதிர்வெண்ணில் போனால் மின்னோட்டம் லோபின் வெளிக்கோட்டையே ஒட்டி ஓடி மூக்கைக் கருக்கும், ஆழம் கிடைக்க நேரத்தை நீட்ட வேண்டும், அதற்குள் கருவும் சூடாகிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மூக்கு வரை போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும், மூக்கு மந்தமாகச் சூடேறும். கையில் இருக்கும் மெஷினில் அதிர்வெண்ணை மாற்ற முடியாது என்றால் பவரையும் நேரத்தையும் வைத்துத்தான் விளையாட வேண்டும். பவரைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் பக்கம் சாய்வதே வளைவுக்கு நல்லது, மூக்கு உருகாத வரை. சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 கிலோவாட் என்று தொடங்கிப் பாருங்கள்.

பிடிப்பு

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமே செலவில்லாமல் பாதி வளைவு போகக்கூடிய இடம் இது. 500 மி.மீ. தண்டு சராசரியாக 80 டிகிரி சூடேறினாலே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். இரண்டு சென்டரையும் இறுக்கிப் பூட்டிவிட்டால் அந்த அரை மில்லிமீட்டர் எங்கே போகும்? பக்கவாட்டில்தான். ஒரு சென்டர் ஸ்பிரிங்கிலோ குறைந்த காற்றழுத்தத்திலோ பின்வாங்க வேண்டும், அழுத்தம் தண்டு நழுவாமல் இருக்கும் அளவுக்குப் போதும். கையால் சென்டரைத் தள்ளிப் பாருங்கள், அது துருப்பிடித்துத் திணறாமல் வழுக்கிப் போகிறதா என்று. நீளமான மெல்லிய தண்டுகளைச் செங்குத்து மெஷினில் செய்வது நல்லது. கிடையாகத்தான் செய்ய முடியும் என்றால் நடு ஜர்னலுக்கு உருளைத் தாங்கி கொடுங்கள்.

காயிலும் சுழற்சியும்

இடைவெளி 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காயில் மையத்திலிருந்து விலகியிருந்தால் பெரிய கேடு இல்லை, தண்டு சுற்றுவதால் எல்லாப் பக்கமும் மாறி மாறி அந்த நெருக்கத்தைப் பார்க்கும். ஆனால் தண்டே வளைந்திருந்தால் அதன் மேடு தண்டோடு சேர்ந்தே சுற்றும், அந்த ஒரே பக்கம் எப்போதும் காயிலுக்கு அருகில் இருக்கும், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது சமன் ஆகாது. உள்ளே வரும் தண்டின் ஆட்டத்தில் கறாராக இருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இடைவெளியைக் குறைக்கக் குறைக்க மின்சாரம் மிச்சமாகும், ஆனால் சிறு கோணலும் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும்.

காயிலின் இரு கால்களும் வந்து சேரும் பிளவில் காந்தப்புலம் பலவீனமாக இருக்கும். அதை மறைக்கத்தான் சுழற்சி. 3 விநாடிச் சூட்டில் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் தண்டு மொத்தம் மூன்றே முறை சுற்றுகிறது. மூன்றரைச் சுற்றில் நின்றால் ஒரு பாதி நான்கு முறையும் மறுபாதி மூன்று முறையும் அந்தப் பிளவைக் கடந்திருக்கும். 200 சுற்று என்றால் பத்துக்குப் பதினொன்று, வித்தியாசம் கரைந்துபோகும்.

வட்டக் காயிலில் மூக்குக்கும் அடிவட்டத்துக்கும் (லோபின் மூக்கு இல்லாத வட்டமான பக்கம்) இடையே வித்தியாசம் கொஞ்சம் இருந்தே தீரும். அடிவட்டத்தில் 2.5 கிடைக்கும்போது மூக்கில் 4 கிடைக்கிறது, அதுவே வளைவுக்குக் காரணம் என்று கோணம் காட்டுகிறது என்றால், லோபின் உருவத்துக்கே குடையப்பட்ட, இரண்டு பாதியாகத் திறந்து மூடும் காயிலைப் பற்றி யோசிக்கலாம். அதில் தண்டு சுற்றாது, நின்றபடியே சூடேறும், சுற்றிலும் ஒரே இடைவெளி. ஒவ்வொரு லோபுக்கும் தண்டைச் சரியான கோணத்துக்குத் திருப்பி நிறுத்த வேண்டும், காயில் செலவும் அதிகம். உற்பத்தி எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நிமிர்த்தும் வேலையே இல்லாமல் போவதில் அது திரும்பக் கிடைத்துவிடும்.

லோப்கள் நெருக்கமாக இருக்கும் தண்டுகளில், ஒன்றைச் சூடேற்றும்போது ஏற்கெனவே கடினமான பக்கத்து லோபின் விளிம்பும் சூடேறி மென்மையாகிவிடும். காயிலின் இரு பக்கமும் காந்தப்புலத்தைக் குவிக்கும் ஃப்ளக்ஸ் கான்சென்ட்ரேட்டர் வையுங்கள், அல்லது செப்பு வளையத்தால் மறையுங்கள். புலம் வேண்டிய இடத்தில் மட்டும் விழுவதால் தண்டின் உடம்புக்குப் போகும் வீண் சூடும் குறையும்.

எந்த லோப் முதலில்

எல்லா லோபையும் ஒரே நேரத்தில் சூடேற்றும் மெஷின் இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஒவ்வொன்றாகச் செய்கிறீர்கள் என்றால், தண்டு போகப்போகச் சூடாகி நீள்வதால் கடைசி லோப்களுக்குக் காயில் நிற்கும் இடம் தப்பிப்போகும். நகரும் சென்டர் பக்கத்திலிருந்து தொடங்கி, நகராத சென்டரை நோக்கி வாருங்கள். அப்போது ஒவ்வொரு லோபுக்கும் நிலையான முனைக்கும் இடையில் இருக்கும் பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கும், இடம் மாறாது. எதிர்ப்பக்கமாகச் செய்தால் தூரத்து லோபில் கடினப் பட்டை அரை மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நழுவி நிற்பதை ஆசிட் போட்டுப் பார்த்தாலே தெரியும். இப்படி வரிசையாகப் போயும் வளைவு ஒரே கோணத்தில் நிற்கிறதென்றால், எதிரெதிர்ப் பக்கம் மூக்கு பார்க்கும் லோப்களை அடுத்தடுத்துச் செய்து பாருங்கள், அதற்கு ஏற்றபடி காயில் நிறுத்தும் இடங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் ஒவ்வொரு லோபுக்குப் பிறகும் தண்டின் உடம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

குவெஞ்ச்

சூட்டைச் சீராக்கிவிட்டு குவெஞ்சில் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது. குவெஞ்ச் வளையத்தில் நாலு துளை அடைத்திருந்தால் தண்டு சுற்றுவதால் பெரும்பாலும் சமாளித்துவிடும், சுற்றாத காயிலில் சமாளிக்காது. தினமும் வளையத்தைத் திறந்து தண்ணீர் எல்லாத் துளையிலிருந்தும் நேராக வருகிறதா என்று பாருங்கள். சுழற்சியைச் சூடேற்றும்போது இருந்த வேகத்திலேயே விடாதீர்கள், குறையுங்கள். வேகமாகச் சுற்றும்போது மூக்கு தண்ணீரை வீசியடித்து, அதன் பின்னால் வரும் சரிவு ஒரு விசிறி நிழலில் மாட்டிக்கொள்ளும், ஒரு சரிவு முந்தியும் மறு சரிவு பிந்தியும் ஆறும். கடினத்தை இரு சரிவிலும் தனித்தனியாக அளந்தால் இது பிடிபடும்.

பாலிமர் 6 முதல் 12 சதவீதம், வெப்பநிலை 25 முதல் 40 டிகிரி, இவை தொடக்கத்துக்குப் போதும். ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் எண் நேரடியாகச் சதவீதம் அல்ல, பாலிமர் தயாரிப்பாளர் தரும் காரணியால் பெருக்க வேண்டும். கட்டிங் கூலண்ட் கலந்துவிட்டால் எண் உயர்ந்து காட்டும், உண்மையில் பாலிமர் குறைந்திருக்கும். தண்டு முழுக்கச் சில்லென்று ஆகும்வரை அடிக்கத் தேவையில்லை. உள்ளே கொஞ்சம் சூடு மிஞ்சியிருக்கும்போது நிறுத்தினால் விரிசல் அபாயம் குறையும், ஆனால் அது டைமரில் இருக்க வேண்டும், ஆள் பார்த்து நிறுத்துவதில் இருக்கக் கூடாது.

டெம்பரிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். 160 முதல் 200 டிகிரி, ஒன்றிரண்டு மணி நேரம், தண்டைத் தொங்கவிட்டோ நிறைய இடங்களில் தாங்கியோ.

வார்ப்பிரும்பு என்றால்

அடித்தளம் பர்லைட்டாக (ஃபெர்ரைட்டும் கார்பைடும் அடுக்கடுக்காக இருக்கும் கட்டமைப்பு) இருக்க வேண்டும். கிராஃபைட்டைச் சுற்றி ஃபெர்ரைட் வளையம் தடிமனாக இருந்தால் சில விநாடிகளில் அது கடினமாகாது, சூட்டைக் கூட்டித் துரத்தினால் கிராஃபைட்டிலிருந்து கார்பன் கரைந்து, ஆஸ்டெனைட் (சூட்டில் உருவாகும் மென்மையான கட்டமைப்பு) மாறாமல் மிஞ்சிக் கடினம் குறைந்துதான் போகும். குவெஞ்ச் மென்மையாக இருக்கட்டும், பாலிமரைச் சற்றுக் கூட்டுங்கள். கடினம் அளக்கும் ராக்வெல் மெஷின் கிராஃபைட்டையும் சேர்த்து அழுத்துவதால் குறைவாகக் காட்டும், பயந்து மறுபடி சூடேற்ற வேண்டாம், மைக்ரோ விக்கர்ஸில் பாருங்கள். சில்ட் வார்ப்பில் (அச்சிலேயே சட்டென்று ஆறவைத்தது) வந்த லோப்கள் ஏற்கெனவே கடினமானவை, அவற்றுக்கு இந்த வேலையே தேவையில்லை.

நிமிர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால்

ஸ்டீல் தண்டை டெம்பரிங்குக்குப் பிறகு மட்டும் பிரஸ்ஸில் வையுங்கள். ஜர்னல்களுக்கு அருகே தாங்கி, கடினமாக்காத உடம்பில் அழுத்துங்கள், லோபின் மேல் ஒருபோதும் வேண்டாம். ஒரே அழுத்தில் சரிசெய்ய முயலாமல் சிறிது சிறிதாகப் போங்கள். முடிந்ததும் டெம்பர் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே இன்னொரு முறை அடுப்பில் வைத்து, மேக்னடிக் பார்ட்டிகிள் சோதனையில் விரிசல் பார்த்து, காந்தம் நீக்கி, மறுபடி டயல் கேஜில் வையுங்கள். வார்ப்பிரும்புத் தண்டில் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டதுதான், கடினமான அடுக்கு வளைவைப் பொறுக்காமல் விரிசல் விட்டுவிடும். அங்கே வளைவைக் கிரைண்டிங் அளவுக்குள் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லை.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அதே மூன்று நிலைகளில் அளவும் கோணமும் எடுங்கள். ஒரு தண்டை வெட்டி, நடுவில் ஒரு லோபிலும் இரு முனை லோப்களிலும் மூக்கு, இரண்டு சரிவு, அடிவட்டம் என்று நான்கு இடத்தில் ஆழம் பார்த்து அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். காயில் பழுதாகிப் புதிது போடும் நாளில் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.